அறுபது நாள் காற்று

என் பெரியம்மா வீட்டுக் கூடத்தில், சுவாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிற தினசரிக் காலண்டரில், வெள்ளிக்கிழமைத் தாள்களில் மட்டும் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ விரதத்தின் அடையாளம் என்று எண்ணிக்கொள்வார்கள். உண்மையில் அது, பதினோரு வருஷங்களாக அவருடைய கைகளையும் கால்களையும் விட்டு அகலாத முடக்குவாதத்துக்காக, வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்குரிய நாள். மறதியாகத் தினமும் சாப்பிட்டுவிட்டால் அந்த மருந்தே விஷமாகிவிடும் என்று ஆரம்பத்தில் ஒரு நர்ஸ் எச்சரித்ததை வேதவாக்காக ஏற்றுக்கொண்டு, மாத்திரையை விழுங்கிய பிறகே வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பது அவர் வழக்கம். கிழித்த தாள்களையும் அவர் எறிவதில்லை. மளிகைச் சாமான் பட்டியல் எழுத உதவும் என்று ஒரு கிளிப்பில் செருகி வைத்திருப்பார்.

சென்ற தை மாதத்தில், அதுவரை ஓரளவு அடங்கியிருந்த வியாதி மறுபடியும் தலைதூக்கியது. விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கி, விடியற்காலையில் எழுந்தால் பால் கவரைக் கத்தரிக்கவும், குழாயைத் திருகவும், புடவைக் கொசுவத்தைச் சொருகவும் முடியாமல், வெயில் ஏறி ஒன்பது மணி ஆகும்வரை இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்படி ஆயிற்று. வைத்தியரிடம் போனபோது, அவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டார். வலியைக் காட்டிலும் அந்த வார்த்தை பெரியம்மாவை அதிகமாக வாட்டியது. வீட்டுக்கு வந்ததும் கிளிப்பிலிருந்த தாள்களை என்னிடம் எடுத்துக் காட்டி, "ஒரு வாரம்கூட விட்டதில்லையேடா தம்பி; பின்னே ஏன் இப்படி?" என்று கேட்டார். கோடு இழுக்காத வட்டம் ஒன்றுகூட அவற்றில் இல்லை.

மருந்து பலிக்கவில்லை என்றால் அதற்கான காரணத்தை நாம் இரண்டே இடங்களில் தேடிப் பழகியிருக்கிறோம்: ஒன்று, மருந்தின் வீரியம் போதவில்லை; அல்லது, நோயாளி பத்தியம் தவறிவிட்டார். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒன்று இருக்கக்கூடும் என்பதையும், அது நாம் ஒவ்வொரு கணமும் அருந்திக்கொண்டிருக்கிற காற்றாகவே இருக்கக்கூடும் என்பதையும், சென்ற சில ஆண்டுகளில் இத்தாலி தேசத்து வைத்தியர்கள் சிலர் மிகுந்த பொறுமையோடு ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியைப் படித்தபோது பெரியம்மாவின் காலண்டர் தாள்கள்தாம் என் நினைவுக்கு வந்தன. ஏனென்றால் அந்த வைத்தியர்கள் செய்ததும், சுருங்கச் சொன்னால், நோய் மூண்ட நாளிலிருந்து அறுபது தாள்களைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்ததுதான்.

முதலில் வியாதியின் தன்மையைச் சிறிது சொல்லிவிட வேண்டும். மூட்டுவலி என்று பொதுவாக நாம் சொல்லுகிற எல்லாம் ஒரே வியாதி அன்று. வயதாக ஆக முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்து, நடந்தால் வலித்து, உட்கார்ந்தால் தணிகிற தேய்மானம் ஒரு வகை. முடக்குவாதம் அதற்கு நேர்மாறானது; ஓய்வில்தான் அது இறுகும், இயங்க இயங்கச் சற்றே இளகும். சரீரத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தன்னவர் பிறர் என்ற பேதம் மறந்து, மூட்டின் உட்புறத்தில் பட்டுப்போல் படர்ந்திருக்கிற சவ்வைப் பகையென்று கருதித் தாக்குவதால், அந்தச் சவ்வு தடித்து, அழற்சி கண்டு, நாளடைவில் எலும்பையே அரிக்கத் தொடங்குகிறது. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. சொரியாசிஸ் என்னும் தோல் நோயோடு சேர்ந்து வருகிற மூட்டழற்சியும், முதுகெலும்பை மூங்கில்போல் இறுக்கிவிடுகிற ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அழற்சி எவ்வளவு என்பதை அறிய வைத்தியர்கள் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்னும் புரதத்தை அளந்து பார்க்கிறார்கள். கல்லீரல் உண்டாக்குகிற அந்தப் புரதம், உள்ளே எங்கோ தீ பற்றியிருக்கிறது என்பதைக் காட்டும் புகையைப் போன்றது.

இனி, இத்தாலியின் வடபகுதியிலுள்ள வெரோனா நகருக்கு வருவோம். ரோமானியர் கட்டிய பழைய அரங்கத்தில் இன்றும் இசை நாடகங்கள் நடக்கிற, ரோமியோ ஜூலியட் கதையால் உலகமெல்லாம் அறிந்த அந்த நகரத்துக்கு, யாத்திரிகர்கள் அறியாத இன்னொரு முகம் உண்டு. அது போ நதிச் சமவெளியில் இருக்கிறது. வடக்கே ஆல்ப்ஸ் மலையும் தெற்கே அப்பெனைன் மலையும் சுவர்போல் நிற்க, கிழக்கே ஏட்ரியாடிக் கடலை நோக்கி மட்டும் திறந்திருக்கிற அந்தச் சமவெளி, காற்று புகுந்து புறப்பட வழியற்ற ஒரு பெரிய அண்டாவைப் போன்றது. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழே தங்கிவிட, அதன் மேல் வெப்பமான காற்று ஒரு மூடியைப்போல் கவிந்துகொள்வதால், கீழே எழுகிற புகை அனைத்தும் மேலே போகாமல் நாள்கணக்கில் மூடுபனியோடு கலந்து நிற்கிறது. மிலானிலிருந்து வெனிஸ் செல்லும் பெருவழியும், பிரென்னர் கணவாய் வழியாக ஆஸ்திரியாவுக்குச் செல்லும் பெருவழியும் வெரோனாவில்தான் சந்திக்கின்றன; ஆகையால் லாரிகளின் டீசல் புகைக்கு அங்கே குறைவில்லை. வீடுகளைச் சூடாக்க எரிக்கிற விறகு ஒரு பக்கம் புகைய, கால்நடைப் பண்ணைகளிலிருந்து எழும் அம்மோனியா, வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் வாயுக்களோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்களாக மாறுகிறது. 2020-ஆம் ஆண்டு வசந்தத்தில் கொரோனா ஊரடங்கினால் சாலைகள் வெறிச்சோடியபோது, நைட்ரஜன் வாயுக்கள் பெருமளவு குறைந்தனவே தவிர, நுண்துகள்கள் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. பண்ணைகளும் வீட்டு அடுப்புகளும் ஓயவில்லை அல்லவா?

அந்த நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வாத நோய்ப் பிரிவைச் சேர்ந்த ஜொவான்னி ஆதாமி என்னும் வைத்தியரும் அவருடைய சகாக்களும் 888 முடக்குவாத நோயாளிகளின் குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டார்கள். அந்த நோயாளிகள் வைத்தியசாலைக்கு வந்துபோன 3396 தடவைகளிலும் அவர்களுடைய நோய் எந்த நிலையில் இருந்தது, சி.ஆர்.பி. எவ்வளவு என்பது எழுதப்பட்டிருந்தது. இன்னொரு பக்கம், நகரத்தின் காற்றளவு நிலையங்கள் அன்றாடம் பதிந்துவந்த கணக்கு இருந்தது. இரண்டு கணக்குகளும் இரண்டு இலாகாக்களில் ஆண்டுக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தவை. ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. இவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

அப்படி வைத்துப் பார்க்கையில் அவர்கள் கையாண்ட முறை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. சாதாரணமாக, நகரத்தில் வாழும் ஒருவரைக் கிராமத்தில் வாழும் இன்னொருவரோடு ஒப்பிட்டால், இருவருடைய உணவும் வருமானமும் பரம்பரையும் வெவ்வேறாக இருக்குமாதலால், வேற்றுமைக்குக் காரணம் காற்றுதான் என்று துணிந்து சொல்ல இயலாது. ஆகவே இவர்கள் ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிடாமல், ஒருவரை அவரோடேயே ஒப்பிட்டார்கள். அதே பெண்மணி, அதே வீடு, அதே பரம்பரை. நோய் மூண்டு வந்த தடவைக்கு முந்திய அறுபது நாட்களின் காற்று எப்படி இருந்தது, நோய் அடங்கியிருந்த தடவைக்கு முந்திய நாட்களின் காற்று எப்படி இருந்தது என்று பார்த்தார்கள். நோய் மூண்ட தடவைகளுக்கு முந்திய அறுபது நாட்களில்தான் காற்றில் மாசு அதிகமாக இருந்தது. காற்றில் மாசு ஏற ஏற, சி.ஆர்.பி. லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டுகிற சம்பவங்களும் படிப்படியாக ஏறின.

இது நோய் மூள்வதைப் பற்றியது. மருந்து தோற்பதைப் பற்றி அவர்கள் செய்த ஆராய்ச்சிதான் இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது. அதன் பொருள் விளங்க வேண்டுமானால், இந்த வியாதிக்கான ஔஷதங்களின் சரித்திரத்தில் ஓரிரு பக்கங்களைப் புரட்டிவிட்டு வருவது நல்லது; அதில் நமக்குப் பெருமை தரும் ஒரு பெயரும் இருக்கிறது.

கோதாவரிக் கரைச் சீமையில் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923-இல் அமெரிக்காவுக்குச் சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அங்கே லெடர்லி ஆராய்ச்சிசாலையில் ஃபோலிக் அமிலத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருக்கையில், அந்த அமிலத்தின் வேஷம் பூண்டு உயிரணுக்களை ஏமாற்றுகிற சில பொருள்களைத் தம் குழுவினரோடு உண்டாக்கினார். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்காகப் பாஸ்டன் நகரத்து வைத்தியர் சிட்னி ஃபார்பர் முதலில் பயன்படுத்தியவை அவை. அவற்றுள் ஒன்றுதான் மெத்தோட்ரெக்சேட். 1948-இல் சுப்பாராவ் காலமாகிவிட்டார். 1951-இல் இதே இனத்து மருந்து ஒன்று முடக்குவாதத்தைத் தணிக்கிறது என்று முதன்முதலில் எழுதப்பட்டதையும், முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்து 1988-இல் மெத்தோட்ரெக்சேட்டை இந்த வியாதிக்காக அமெரிக்க அரசு அங்கீகரித்ததையும் அவர் பார்க்கவில்லை. புற்றுநோய்க்குப் பெரிய அளவில் கொடுக்கிற அந்த மருந்தை வாரம் ஒருமுறை மிகச் சிறிய அளவில் கொடுத்தால் அழற்சி அடங்குகிறது என்ற உண்மை, இன்று உலகமெங்கும் லட்சக்கணக்கான கைகளை மடங்கி விரியச் செய்துகொண்டிருக்கிறது. பெரியம்மாவின் சிவப்பு வட்டத்துக்குள் இருப்பது, ஒருவகையில், சென்னையில் வைத்தியம் படித்த அந்த மனிதருடைய தவத்தின் பலன்.

அதன் பிறகு வந்தது இரண்டாவது திருப்பம். மூட்டுக்குள் அழற்சியை மூட்டிவிடுகிற பல தூதுப் பொருள்களில் டி.என்.எஃப். என்பது தலைமையானது என்றும், அதைத் தடுத்துவிட்டால் மற்றவையும் அடங்கும் என்றும், லண்டனில் கென்னடி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த மார்க் ஃபெல்ட்மன் என்பவரும், பஞ்சாபில் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனி என்பவரும் கண்டார்கள். 1992-இல் சாரிங் கிராஸ் வைத்தியசாலையில் முதல் நோயாளிகளுக்கு, அதைத் தடுக்கும் மருந்தை நரம்பில் ஏற்றியபோது, வேறு எதற்கும் இணங்காத வீக்கங்கள் சில நாட்களில் வற்றின. உயிரணுக்களைக் கொண்டே தயாரிக்கப்படுவதால் 'பயாலஜிக்' என்று அழைக்கப்படுகிற அந்த வகை ஊசிகள் இன்று பல இருக்கின்றன. விலையும் மிக அதிகம். ஒரு ஊசி பலன் தராவிட்டால் வைத்தியர் அதை நிறுத்திவிட்டு இன்னொன்றுக்கு மாற்றுகிறார். அப்படி மாற்ற நேர்வதே அந்த மருந்து தோற்றது என்பதற்கு அடையாளம்.

வெரோனா வைத்தியர்கள் கேட்ட கேள்வி இதுதான்: ஊசியை மாற்ற வேண்டி வந்த சமயத்துக்கு முந்திய இரண்டு மாதக் காற்று எப்படி இருந்தது? 888 முடக்குவாத நோயாளிகளோடு, சொரியாசிஸ் மூட்டழற்சி உள்ளவர்கள் 184 பேரையும் முதுகெலும்பு இறுகியவர்கள் 185 பேரையும் சேர்த்து, 1257 பேருடைய குறிப்புகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். மருந்து பயன்படாமல் மாற்றப்பட்ட சமயங்களுக்கு முந்திய அறுபது நாட்களில், மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சமயங்களைக் காட்டிலும், காற்றில் மாசு கூடுதலாக இருந்தது.

இதன் அர்த்தத்தைச் சிறிது நின்று யோசிக்க வேண்டும். வைத்தியர் நல்ல மருந்தைத் தேர்ந்துதான் கொடுத்தார். நோயாளியும் தவறாமல் போட்டுக்கொண்டார். மருந்து தன் வேலையைச் செய்துகொண்டும் இருந்தது. ஆனால் ஒருபுறம் ஏற்றம் போட்டு நீரை இறைத்துக்கொண்டிருக்கையில் மறுபுறம் யாரோ மடையைத் திறந்துவிட்டது போல, எந்தத் தூதுப் பொருளை மருந்து தடுக்க முயன்றதோ அதையே காற்று புதிது புதிதாக ஊறச் செய்துகொண்டிருந்தது. அதைக் கண்டு மருந்து உதவாது என்று தீர்மானித்து, கைவசமிருக்கிற சில ஆயுதங்களில் ஒன்றைக் கீழே போட்டுவிடுகிறோம். அல்லது, பெரியம்மாவுக்கு நேர்ந்தது போல, குற்றமற்றவரைக் குற்றவாளி ஆக்குகிறோம். இரண்டாவதுதான் எனக்கு அதிக வேதனை தருகிறது.

நுரையீரலில் நுழைகிற புகைக்கும் விரல் மூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பது நியாயமே. காற்றிலுள்ள துகள்களில் பெரியவை மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்கின்றன. பி.எம். 2.5 என்று குறிக்கப்படுகிற, தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்களோ, சுவாசப்பையின் கடைக்கோடியில் திராட்சைக் குலைபோல் இருக்கிற காற்றறைகள் வரைக்கும் சென்றுவிடுகின்றன. அங்கே காவலிருக்கிற வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கி ஜீரணிக்க முயல்கின்றன. கரியையும் உலோகத்தையும் ஜீரணிக்க யாரால் முடியும்? ஜீரணிக்க மாட்டாமல் அவை கொந்தளித்து, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 முதலிய தூதுப் பொருள்களை ரத்தத்தில் விடுகின்றன. இன்டர்லூக்கின்-6 கல்லீரலை எட்டினால் சி.ஆர்.பி. உயரும். மூட்டு ஏற்கெனவே நொந்திருக்கிறவருக்கு, எங்கோ கிளம்பிய அந்தக் கொந்தளிப்பு நொந்த இடத்திலேயே போய் விடிகிறது.

புகை மூட்டை நோகச் செய்வதோடு நில்லாமல், நோயையே தோற்றுவிக்கவும் துணை செய்யலாம் என்பது இன்னும் சூட்சுமமான விஷயம். எரிச்சலுற்ற சுவாசப்பையில் ஒருவகை என்சைம் தூண்டப்பட்டு, நம் சரீரத்துப் புரதங்களில் ஆர்ஜினின் என்னும் பகுதியைச் சிட்ருலின் என்னும் வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. உருமாறிய அந்தப் புரதத்தை எதிர்ப்புச் சக்தி அந்நியன் என்று எண்ணி, அதற்கு எதிரான பொருள்களை உண்டாக்குகிறது. இப்படி உண்டாகிறவை, மூட்டில் முதல் வலி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் காணப்படுகின்றன. ஸ்டாக்ஹோம் நகரத்துக் கரோலின்ஸ்கா நிலையத்தில் லார்ஸ் கிளாரெஸ்கோக் என்பவரும் அவருடைய குழுவினரும் 2006-இல் எழுதிய கட்டுரை, சிகரெட் புகையையும் பரம்பரையில் வருகிற ஒரு மரபணுவையும் இந்தச் சிட்ருலின் எதிர்ப்பையும் ஒரே சங்கிலியில் கோத்துக் காட்டிற்று. புகைப் பழக்கமும், அந்த மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்த பரம்பரையும் ஒருவரிடத்தில் கூடினால், இரண்டும் இல்லாதவரைக் காட்டிலும் அவருக்கு இந்த வகை முடக்குவாதம் வரும் அபாயம் 21 மடங்கு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். புகைபிடிக்கிறவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட்டும் டி.என்.எஃப். ஊசியும் மற்றவர்களுக்குப் போல் பலிப்பதில்லை என்பதும் ஸ்வீடனிலேயே பிற்பாடு தெரியவந்தது.

சுவாசப்பைக்கும் மூட்டுக்கும் உள்ள உறவை இதற்கும் நெடுநாள் முன்பே கண்ட ஒருவர் உண்டு. பிரிட்டனில் தென் வேல்ஸ் பகுதியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் மார்பு எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்துவந்த அந்தோணி காப்லன் என்னும் வைத்தியர், மூட்டுவாதம் உள்ள தொழிலாளர்களின் சுவாசப்பையில் மட்டும் வட்ட வட்டமான கட்டிகள் விசேஷமாகத் தெரிவதை 1953-இல் எழுதினார். கரித்தூள் தின்ற சுவாசப்பையும் வாதம் தின்ற மூட்டும் ஒரே மனிதனில் சேர்ந்திருப்பது தற்செயல் அன்று என்ற எண்ணத்துக்கு அது ஒரு விதை. மலேசியாவில் 910 பெண் நோயாளிகளை வைத்துச் செய்து 2016-இல் வெளியான ஆராய்ச்சியோ, நெசவு ஆலைத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு இந்த வியாதி வரும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று சொல்லுகிறது. பஞ்சுத் தூசியில் உழைத்து வாழும் பெண்கள் நம் நாட்டிலும் எத்தனை ஆயிரம் பேர் என்று நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு இது வெறும் எண்ணாகத் தோன்றாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. பெரியம்மாவின் வலியைக் கேட்டவர்கள் எல்லாரும் "பனிக்காலம், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அதே ஆட்சேபம் வெரோனாவுக்கும் பொருந்தும். அங்கே காற்று மிகவும் கெடுகிற காலம் குளிர்காலம். குளிரே மூட்டை வருத்தக்கூடும், குளிர்காலத்துச் சளி ஜுரங்கள் சி.ஆர்.பி.யை உயர்த்தக்கூடும். ஒருவரை அவரோடேயே ஒப்பிடுகிற முறை பரம்பரையையும் குடும்ப நிலையையும் கணக்கிலிருந்து நீக்கிவிடும். பருவத்தை முழுவதும் நீக்கிவிடாது. தவிரவும், நிலையத்துக் கருவி அளந்தது நகரத்தின் காற்றை. ஒருவர் தம் சமையலறையில் சுவாசித்த காற்றை அன்று. மற்ற தேசத்து ஆராய்ச்சிகளும் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்க நர்ஸ்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆராய்ச்சி ஒன்றில், பெருஞ்சாலையிலிருந்து 50 மீட்டருக்குள் வசித்தவர்களுக்கு, 200 மீட்டருக்கு அப்பால் வசித்தவர்களைவிட முடக்குவாதம் வரும் அபாயம் 31 சதவீதம் அதிகம் என்று 2009-இல் ஜேமி ஹார்ட் என்பவரும் அவர் சகாக்களும் எழுதினார்கள்; அவர்களே 2013-இல் காற்றிலுள்ள துகள்களை நேராகக் கணக்கிட்டுப் பார்த்தபோது அத்தகைய சம்பந்தம் புலப்படவில்லை. குவைத்தில் நோயாளிகளின் பதிவேட்டை ஆராய்ந்தவர்கள், கந்தக, நைட்ரஜன் வாயுக்களுக்கும் நோயின் உக்கிரத்துக்கும் உறவு இருப்பதாகவும், துகள்களுக்கு அப்படி இல்லை என்றும் கண்டார்கள். பாலைவனத்து மணல் தூசியும் டீசல் கரியும் எடையில் ஒன்றாக இருந்தாலும் குணத்தில் ஒன்றாகுமா என்பது என் சொந்த எண்ணம்.

ஆனாலும் வெரோனாக்காரர்கள் ஒரு நகரத்தோடு நின்றுவிடவில்லை. எலும்பு முறியும் அபாயத்தைக் கணிப்பதற்காக இத்தாலி முழுவதும் வைத்தியர்கள் பதிந்துவந்த 81,363 பேருடைய விவரங்களை, பெரும்பாலும் பெண்கள், 2016 ஜூன் முதல் 2020 நவம்பர் வரையிலான பதிவுகள், அந்தந்த மாகாணத்துக் காற்றளவோடு சேர்த்துப் பார்த்தார்கள். பி.எம். 10 என்னும் துகள் கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் நீடித்த இடங்களில் தன்னெதிர்ப்பு நோய்கள் வரும் அபாயம் 12 சதவீதமும், பி.எம். 2.5 என்பது 20 மைக்ரோகிராமுக்கு மேல் நீடித்த இடங்களில் 13 சதவீதமும் அதிகமாக இருந்தது. தனி ஒருவருக்கு இது சிறிய அபாயம்தான். ஆனால் சிகரெட்டைப் பிடிக்காமல் இருக்க ஒருவரால் முடியும். மூச்சை விடாமல் இருக்க யாராலும் முடியாது. கோடிக்கணக்கானவர்கள் மீது கவிந்திருக்கிற சிறிய அபாயம் சிறியது ஆகாது.

அந்த எண்களை நம் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் திடுக்கிடுகிறது. பி.எம். 2.5 வருஷ சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்தது. ஐரோப்பாவின் எல்லை 25-ஆக இருந்து, 2030-க்குள் 10-ஆக வேண்டும் என்று 2024-இல் திருத்தப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் சட்டம் அனுமதிக்கிற எல்லை 40. அதாவது, இத்தாலியில் நோயின் அபாயம் கூடத் தொடங்குகிறது என்று கண்ட அளவுக்கு இரண்டு பங்கு. போ சமவெளியின் காற்றை ஆண்டுக்கணக்காகக் கெட்டுப்போக விட்டதற்காக 2020 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இத்தாலி அரசைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. வியாதிக்காரர்கள் யாரும் அந்த வழக்கைத் தொடுக்கவில்லை. அந்தத் தீர்ப்பில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது.

வீட்டிலே இப்படிப்பட்ட ஒருவரை வைத்துக்கொண்டிருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். முதலாவது, இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. காற்று கெட்டிருக்கிற காலத்தில்தான் மருந்தின் துணை அதிகமாக வேண்டும். வீட்டில் புகைபிடிக்கிற ஆண்கள், தம் பழக்கம் தம்மோடு மட்டும் முடிவதில்லை என்று உணர்ந்து அதை விட்டுவிட வேண்டும். இந்த விஷயத்தில் தயவு தாட்சிணியம் பாராட்டுவதற்கில்லை. விறகடுப்பு இருந்தால் புகை வெளியேற வழி வேண்டும். கொசுவர்த்தியையும் சாம்பிராணியையும் மூடிய அறைக்குள் புகைய விடுவதைக் குறைத்துக்கொள்ளலாம். தெருவில் புகை மண்டிய நாளில் காலை நடையை ஒத்திப்போடுவதும், போயே தீர வேண்டுமானால் என்-95 முகக்கவசம் அணிவதும் நல்லது. சாதாரணத் துணி, நுண்துகளுக்குச் சல்லடைதான். வைத்தியரிடம் போகையில் மாத்திரைக் கணக்கோடு, எந்த நாட்களில் வலி, எந்த நாட்களில் புகை என்பதையும் எழுதிக்கொண்டு போனால், மருந்தை மாற்றுவதா, சற்றுப் பொறுப்பதா என்று தீர்மானிக்கையில் அவருக்கு அது ஒரு சாட்சியாக உதவும்.

இதையெல்லாம் ஒரு மாலைப் பொழுதில் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, தாள்களை வாங்கி, தை மாதத்தில் அவர் வைத்தியரிடம் போன தேதியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகப் புரட்டினோம். தாளின் பின்புறத்தில் துவரம்பருப்பு அரை கிலோ, நல்லெண்ணெய் என்று எழுதியிருந்தது. முன்புறத்தில் அவருடைய நினைவு இருந்தது. போகியன்று தெருவெல்லாம் பழம்பாயும் டயரும் எரிந்ததை அவர் சொன்னார். அதற்கும் முன்னால், மார்கழி பிறந்த சில நாட்களிலிருந்தே, தெருக்கோடிப் பொட்டலில் கொட்டிய குப்பையில் யாரோ தீ வைத்துவிட்டுப் போக, அது அணையாமல் இரவெல்லாம் கமறிக்கொண்டிருந்ததையும், கோலம் போடப் போகும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டதையும் சொன்னார். அவருடைய வலிக்கு அந்தப் புகைதான் காரணம் என்று ஒருவருடைய அறுபது தாள்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நான் விளக்கினேன். பனியும் அந்த மாதங்களில் இருந்ததே என்றேன்.

"காரணம் எதுவாவது இருக்கட்டும்டா தம்பி. நான் மாத்திரையை விடவில்லை என்று இதில் இருக்கிறதல்லவா?" என்றார் பெரியம்மா. பிறகு அறுபது தாள்களையும் அடுக்கி, ரப்பர் வளையம் போட அவர் விரல்கள் இடம் கொடாமையால் என்னிடம் நீட்டினார். நான் போட்டுக் கொடுத்ததும், ஆஸ்பத்திரிக் கோப்பைத் திறந்து, ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்கு மேலாக அதை வைத்தார்.